கல்லும் கதையும்

வேங்கடத்தின் அடிவாரத்தில் பிழைப்பை முன்னிட்டுக் குடியேறி வாழும் நமக்குத் தமிழ் இரண்டு வழிகளில் வந்து சேருகின்றது. ஒன்று, வீட்டில் பேசும் பேச்சு. மற்றொன்று, கதை. நம் குழந்தைகள் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் பயில்கின்றனர். சோழரும் பல்லவரும் அவர்களுக்குப் பாடப் புத்தகத்தின் வழியாக வருவதில்லை. பாட்டி பத்திரப்படுத்தி வைத்திருக்கும் தொடர்கதைக் கட்டுகளின் வழியாகவும் திரைப்படத்தின் வழியாகவுமே வருகின்றனர். ஆதலால் நம்மைப் பொறுத்தவரையில் வரலாற்றுக் கதை வெறும் பொழுதுபோக்கு அன்று. நம் முன்னோர் யார், அவர்க்கு நண்பர் யார், பகைவர் யார் என்று நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியனும் அதுவே. அந்த ஆசிரியன் எவ்வளவு தூரம் நம்பத் தகுந்தவன் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆராய்ச்சி என்று சொன்னேனாயினும் நான் ஆராய்ச்சியாளன் அல்லேன். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதி வருபவன். இதை எழுதத் தூண்டியது புலமை அன்று. நான் செய்த ஒரு பிழை.

மொட்டை மாடியில் சொன்ன கதை

2022-ஆம் ஆண்டு செப்டம்பரிலும் 2023-ஆம் ஆண்டு ஏப்ரலிலும் ‘பொன்னியின் செல்வன்’ திரைப்படம் இரு பாகங்களாக வெளிவந்ததை நேயர்கள் அறிவர். அந்தக் கோடை விடுமுறை முழுவதும் நம் குடியிருப்பில் மரவாள் இல்லாத சிறுவனே இல்லை. இரவு உணவு முடிந்ததும் பிள்ளைகளை மொட்டை மாடியில் கூட்டி வைத்துச் சோழர் கதை சொல்வது என் வழக்கமாயிற்று. ஓர் இரவு தக்கோலப் போரைச் சொன்னேன். சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேல் வீற்றிருக்கின்றான். கங்க அரசன் பூதுகன் நட்புக் கொண்டவன்போல் நெருங்கி வந்து, தழுவிக்கொண்டே கத்தியால் குத்திவிடுகின்றான். இப்படித்தான் சொன்னேன். பழைய நூலொன்றில் எப்பொழுதோ படித்தது அது. கதைக்கும் நல்ல சுவையாக இருந்தது. பிள்ளைகள் மூச்சுவிடாமல் கேட்டனர்.

மறுநாள் மாலை விளையாட்டில் சச்சரவு எழுந்தது. அடுத்த வரிசையில் குடியிருக்கும் கன்னட நண்பர் ஒருவரின் மகன், என் மகனுக்கு வயதொத்தவன், ஆட்டத்தில் வென்றுவிட்டான். தோற்ற என் மகன், “கட்டிப்பிடித்துக் குத்திய கூட்டந்தானே நீங்கள்!” என்று எல்லோர் முன்னிலையிலும் கத்தினான். அந்தப் பையன் ஒன்றும் பேசவில்லை. மரவாளைத் தரையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். மூன்று நாள்கள் விளையாட வரவில்லை. நான்காம் நாள் மாடிப்படியில் என்னை எதிர்கொண்டு, “அங்கிள், உண்மையாகவே அப்படித்தான் நடந்ததா?” என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. தெரியாத ஒன்றையா தெரிந்ததுபோல் பத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னோம் என்ற நாணம் என்னைப் பற்றிக்கொண்டது. விடுமுறை நாள்களில் நூலகங்களுக்குச் சென்று, எழுத்தர்களுக்கே உரிய பொறுமையோடு, கல்வெட்டுகளைப் பற்றிய நூல்களைப் புரட்டலானேன். அங்கே கண்டவற்றைத்தான் இங்கே எழுதுகின்றேன்.

ஒரு வரியிலிருந்து ஒரு வீரன்

முதலில், கதாசிரியர்கள் செய்வது இன்னதென்று பார்ப்போம். பழைய வீரக் கதையை எடுத்து, அதில் படிந்திருக்கும் தெய்வத்தன்மையையும் மிகையையும் களைந்து, புழுதியும் குருதியும் பசியும் சூழ்ச்சியும் உள்ள மனிதர் கதையாக ஆக்குவது உலகெங்கும் நடந்துவரும் தொழில். ஸ்காட்லாந்தில் வால்டர் ஸ்காட் 1814-இல் ‘வேவர்லி’ எழுதி இத்துறைக்கு வழி வகுத்தார். பிரெஞ்சு நாட்டில் அலெக்சாந்தர் டூமா 1844-இல் மூன்று வீரர்களின் கதையை எழுதினார். வாளும் மாயவித்தைக்காரனும் நிறைந்த ஆர்தர் மன்னன் கதையை, ரோமர் படை விலகிய பின்னர்ச் சேற்றிலும் குளிரிலும் போரிட்ட ஒரு படைத்தலைவனின் கதையாக ரோஸ்மேரி சட்கிளிஃப் 1963-இலும், பெர்னார்டு கார்ன்வெல் 1995 முதலும் மாற்றி எழுதினர்.

நம் நாட்டிலும் அவ்வாறே. கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ ஓர் ஏரிக்கரையில் தொடங்குகின்றது. அந்த வீரநாராயண ஏரியை வெட்டுவித்தவன் இராசாதித்தனே என்று முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுகின்றார். கரையில் குதிரையேறி வரும் வந்தியத்தேவனைப் பற்றித் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு தெரிவிப்பது, இராசராசனின் தமக்கை குந்தவையார் வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்பதே. அந்தச் சிறு குறிப்பிலிருந்து, சிரிக்கவும் பொய் சொல்லவும் பசித்திருக்கவும் தெரிந்த ஒரு வீரனைக் கல்கி படைத்தார். சாண்டில்யனோ இன்னும் முற்பட்ட காலத்துக்குச் சென்று, கரிகாலன் வரலாற்றை ‘யவன ராணி’யில் கடலும் கப்பலும் வாட்போரும் நிறைந்த கதையாக்கினார். அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ இராசேந்திரனைப் பற்றியது. 1963-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. நம்மைச் சூழ்ந்து வாழும் தெலுங்கர்க்கு அடிவி பாபிராஜுவின் ‘கோன கன்னாரெட்டி’ உண்டு. கன்னடர்க்குத் த. ரா. சு.வின் ‘துர்காஸ்தமானா’ உண்டு. ஆகவே இவ்வாசை நமக்கு மட்டும் உரியதன்று.

இதனால் விளையும் நன்மை பெரிது. கல்கி எழுதியிராவிட்டால் நம்மில் எத்தனை பேர் திருப்புறம்பியம் என்ற ஊரின் பெயரை அறிந்திருப்போம்? ஆனால் அங்கேயும் ஒரு செய்தி உண்டு. விசயாலயன் மேனியில் இருந்த தொண்ணூற்றாறு விழுப்புண்களை ஒட்டக்கூத்தரின் உலா பாடுகின்றது. அந்தப் புண்களோடு, நடக்கவியலாத முதுமையில், இருவர் தோள்மீதேறிக் கிழவன் களம் புகுந்தான் என்பது கல்கி நமக்குக் காட்டும் காட்சி. கங்க மன்னரின் உதயேந்திரச் செப்பேடோ வேறொருவனைப் பற்றிப் பேசுகின்றது. திருப்புறம்பியத்தில் தன் நண்பனான பல்லவன் அபராசிதனுக்கு வெற்றியைத் தேடித் தந்து, தன் உயிரைக் கொடுத்தவன் கங்கன் முதலாம் பிருதிவீபதி என்கின்றது அது. தோளேறி வந்த கிழவனை நம் பிள்ளைகள் அறிவார்கள். களத்தில் மாண்ட கங்கனை எத்தனை பேர் அறிவார்கள்? கதை ஒருவன்மீது விளக்கைத் திருப்பும்பொழுது அடுத்திருந்தவன் இருளில் மறைந்துபோகின்றான்.

தொண்டைமானாறு

நிற்க. வீரக்கதைகளைத் தேடி நாம் தஞ்சைக்குப் போக வேண்டியதில்லை. நாம் வாழும் இந்த மண்ணே கதை விளைந்த மண்தான். சங்கப் புலவர் மாமூலனார் வேங்கடத்துக்குரிய கள்வர் கோமான் புல்லியைப் பாடினார். கள்ளில் ஆத்திரையனார் வேங்கட நாட்டு ஆதனுங்கனின் கொடையைப் பாடினார். வேங்கட மலையின் தலபுராணமோ ஆகாசராசனின் தம்பி தொண்டைமான் சக்கரவர்த்தியைப் பற்றிச் சொல்கின்றது. அவனுக்குப் போரில் துணையாகப் பெருமாள் தம் சங்கையும் சக்கரத்தையும் கொடுத்தருளினார் என்பது கதை.

ரேணிகுண்டாவிலிருந்து கூடூர் செல்லும் பாதையில் காளத்தியில் இறங்கினால், அருகே தொண்டமனாடு என்ற ஊர் இருக்கின்றது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் பிறந்த திருப்பதி மாவட்டத்தில் அது சேர்ந்துள்ளது. தொண்டைமான் சக்கரவர்த்தியின் ஊர் என்று மக்கள் அதனைச் சொல்வர். கல்வெட்டோ அதே ஊரைத் தொண்டைமானாற்றூர் என்கின்றது. விசயாலயனின் மகன் முதலாம் ஆதித்த சோழன் அங்கே உயிர் நீத்ததால் அவனைத் ‘தொண்டைமானாற்றூர்த் துஞ்சின உடையார்’ என்று குறிக்கின்றது. கன்னியாகுமரிக் கல்வெட்டின்படி, யானைமேல் இருந்த பல்லவன்மீது பாய்ந்து அவனைக் கொன்று தொண்டைநாட்டைக் கொண்டவன் இவன். தந்தை மறைந்த இடத்தில் மகன் முதலாம் பராந்தகன் கோதண்டராமேச்சுரம் என்றும் ஆதித்தேச்சுரம் என்றும் வழங்கும் பள்ளிப்படைக் கோயிலை எழுப்பினான். அவனது முப்பத்து நான்காம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அங்கே திருவிழா நாள்களில் அடியார்களுக்கு உணவளிக்க ஏற்பாடு செய்கின்றது.

ஒரே ஊரில் புராணமும் கல்லும் அருகருகே நிற்கின்றன. புராணத்தில் சங்கும் சக்கரமும் துணைக்கு வருகின்றன. கல்லில் யானைமீது பாய்ந்த ஒரு மனிதன், தன் தலைநகரிலிருந்து நெடுந்தூரத்துக்கு அப்பால், ஓர் ஆற்றங்கரையில் சாகின்றான். வருகின்றவர்களுக்குச் சோறிட வேண்டுமென்று மகன் எழுதி வைக்கின்றான். இரண்டில் எது நெஞ்சைத் தொடுகின்றது என்பதை நேயர்களே முடிவு செய்யலாம்.

தக்கோலம்

இனி அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம்.

அரக்கோணத்திலிருந்து செங்கற்பட்டு செல்லும் பாதையில் தக்கோலம் ஒரு நிலையம். ஞானசம்பந்தர் பாடிய திருவூறல் அதுவே. இன்று அங்கே இறங்குகின்றவனுக்கு வயலும் கோயிலும் பனையுமே தென்படும். 949-இல் தென்னிந்தியாவின் ஆட்சியை மாற்றிய போர் இங்குதான் நிகழ்ந்தது. பராந்தகனின் மூத்த மகன் இராசாதித்தன் வடக்கே இருந்து வரக்கூடிய படையெடுப்பை எதிர்பார்த்துத் திருமுனைப்பாடி நாட்டில், திருநாவலூரில், பெரும்படையோடு பல ஆண்டுகள் தங்கியிருந்தான். எதிர்பார்த்தபடியே இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன் வந்தான். தமிழ்க் கல்வெட்டுகள் அவனைக் கன்னரதேவன் என்னும். அவனோடு அவன் மைத்துனனான கங்கன் இரண்டாம் பூதுகனும் வந்தான். போரில் இராசாதித்தன் வீழ்ந்தான். அதனால் ‘ஆனைமேற்றுஞ்சினார்’ என்ற பெயரைப் பெற்றான்.

சரக்குக் கணக்கு எழுதியே பழகிய எனக்கு, போர் என்றதும் வாள் வீச்சு நினைவுக்கு வருவதில்லை. தீவனம்தான் நினைவுக்கு வருகின்றது. வளர்ந்த யானை ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தின்னும். நூறு யானைகளென்றால் நாளுக்கு 15 டன். இன்றைய சரக்குப் பெட்டி ஒன்று 60 டன்னுக்கு மேல் கொள்ளும். ஆனால் புல்லும் தழையும் எடை குறைவாகவும் இடம் மிகுதியாகவும் எடுப்பவை. ஆகவே எடை நிறையுமுன்னே பெட்டி நிறைந்துவிடும். இத்தனையையும் இரயிலில்லாத காலத்தில் ஆண்டுக்கணக்காகக் கொண்டு வந்து சேர்த்தவர் யார்? யாருடைய வயல் மேய்ந்தது? யாருடைய நெற்குதிர் காலியாயிற்று? வீரனின் மார்பகலத்தை வருணிக்கும் கதாசிரியர்கள் இக்கேள்விகளையும் கேட்பாராயின் கதை இன்னும் உண்மையாகும்.

தோல்வியின் விளைவும் நம் பகுதியிலேயே தெரிகின்றது. கன்னரதேவன் இராசாதித்தனைக் கொன்று தொண்டைமண்டலம் புகுந்த செய்தியை வேலூரை அடுத்த சோழபுரத்துக் கல்வெட்டு சக ஆண்டு 871 என்று தேதியிட்டுச் சொல்கின்றது. சித்தூரை ஒட்டி ஓடும் நீவாநதி பொன்னையாற்றில் சேர்கின்றது. அந்தப் பொன்னைக் கரையில் மேற்பாடி இருக்கின்றது. 959-இல் கன்னரதேவன் அங்கே பாசறை அமைத்து, வென்ற நாடுகளைத் தன்னைச் சார்ந்தவர்க்குப் பங்கிட்டான் என்பது கர்ஹாடுச் செப்பேட்டினால் தெரிகின்றது. பிற்காலத்தில், ‘ஆற்றூர்த் துஞ்சின’ தன் பாட்டன் அரிஞ்சயனுக்காக இராசராசன் அதே மேற்பாடியில்தான் பள்ளிப்படைக் கோயில் எடுப்பித்தான். பகைவன் நாடு பங்கிட்ட ஊரில் பேரன் பாட்டனுக்குக் கோயில் கட்டினான்.

ஓர் எழுத்து

பூதுகன் தழுவிக்கொண்டே குத்தினானா?

சோழர்களின் சொந்தச் செப்பேடுகள் அவ்வாறு சொல்லவில்லை. இராசாதித்தன் பகைவன் படையைக் கலக்கினான் என்றும், யானைமேல் இருந்தபடியே கூரிய அம்புகளால் நெஞ்சு பிளக்கப்பட்டு வீரசுவர்க்கம் புகுந்தான் என்றும் லெய்டன் செப்பேடு கூறும். மகனை இழந்த குடியே வஞ்சகம் என்று குற்றஞ்சாட்டவில்லை என்பதை நோக்குக.

அந்தக் குற்றச்சாட்டு எங்கிருந்து வந்தது? கருநாடகத்தில் மண்டியா மாவட்டத்து ஆதகூரில் ஒரு கன்னடக் கல்வெட்டு உண்டு. போர் நிகழ்ந்த காலத்திலேயே நடப்பட்டது அது. அதனை முதலில் படித்தபொழுது ஒரு சொல்லைக் ‘கள்ளன்’ என்று கொண்டு, வஞ்சகமாகத் தழுவிக் குத்தினான் என்று பொருள் எழுதினர். பின்னர்க் கல்லை மீண்டும் கூர்ந்து நோக்கியபோது அச்சொல் ‘களன்’ என்றே தெளிந்தது. களன் என்பது நம் தமிழிலும் உள்ள சொல். போர்க்களம் என்பது பொருள். அதாவது, இராசாதித்தன் அமர்ந்திருந்த அம்பாரியையே போர்க்களமாக்கிப் பூதுகன் அவனைக் குத்தி வீழ்த்தினான் என்பதே செய்தி. யானையின் முதுகில் ஏறி நேருக்கு நேர் பொருதது வஞ்சகம் ஆகுமா? அப்படியானால் பல்லவனின் யானைமீது பாய்ந்த நம் ஆதித்தனை என்ன சொல்வது?

ஓர் எழுத்து மிகுந்தது. ஒரு வீரன் வஞ்சகன் ஆனான். திருத்தம் ஆராய்ச்சி நூல்களில் ஏறி மிகப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும், பழைய பிழை என் வாய்வழியே புறப்பட்டு, ஒரு சிறுவனை மூன்று நாள்கள் வீட்டுக்குள் முடக்கியது. என் பேரேட்டில் ஓர் இலக்கம் பிழைத்தால் மாத முடிவில் கணக்குப் பொருந்தாது; தேடித் திருத்துவேன். கதையில் பிழைத்த எழுத்தைத் தேடுபவர் யார்?

காளி என்னும் நாய்

ஆதகூர்க் கல்லின் கதை இதனோடு முடியவில்லை. உண்மையில் அந்தக் கல் பூதுகனுக்காக நடப்பட்டதே அன்று. வெற்றிக்குப் பரிசாகப் பூதுகன் வனவாசி பன்னீராயிரம் முதலிய நாடுகளைப் பெற்றான். அவன் கீழ்ப் போரிட்ட வீரன் மணலேரன். “உனக்கு என்ன வேண்டும்?” என்று அரசன் கேட்டபோது, அவன் ஊர் கேட்கவில்லை, பொன் கேட்கவில்லை, அரசனிடமிருந்த காளி என்ற வேட்டை நாயைக் கேட்டான். பெற்றான். பின்னர்ப் பெரும் பன்றி ஒன்றை வேட்டையாடக் காளியை ஏவினர். இரண்டும் பொருது இரண்டும் மடிந்தன. தன் நாய்க்கு மணலேரன் கோயில் முன்னே கல் நட்டு, அதன் பூசைக்கு நிலமும் விட்டான். நாயும் பன்றியும் பொரும் உருவம் அந்தக் கல்லில் செதுக்கப்பட்டிருக்கின்றது. அது இப்பொழுது பெங்களூர் அருங்காட்சியகத்தில் உள்ளது. தக்கோலப் போரை நமக்கு இவ்வளவு விளக்கமாகச் சொல்லும் சாசனம் ஒரு நாயின் நினைவுக்கல்!

இதனைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. தக்கோலத்தில் மாண்ட காலாள் எத்தனை ஆயிரமோ! திருநாவலூரில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்து, ஊருக்குத் திரும்பாமலே போனவர்களின் பெயர்களில் நாம் அறிந்தவை எத்தனை? நாயின் பெயர் மட்டும் நிலைத்தது. ஏனெனில் அதற்காக அழுத ஒருவன் கல் நட்டான்.

தமிழகத்திலும் இத்தகைய கல் ஒன்று உண்டு. செங்கத்தை அடுத்த எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லில், எருமைகளைக் காக்கப் போரிட்டு இறந்த கருந்தேவக்கத்தி என்பவனின் அருகே ஒரு நாயும் நிற்கின்றது. அதன் பெயர் கோவிவன் என்றும், கள்ளர் இருவரைக் கடித்துத் தன் தலைவனைக் காத்து நின்றது என்றும் அங்கே எழுதியிருக்கின்றது. காளிக்குக் கன்னடத்திலும் கோவிவனுக்குத் தமிழிலும் கல். இரு நாட்டாரும் வீரத்தை ஒரே கண்ணால்தான் கண்டனர். நம் சித்தூர்ப் பக்கத்திலும், புங்கனூர், மதனப்பள்ளிச் சீமையில், இத்தகைய வீரக்கற்கள் நிற்கின்றன.

இறவாமல் நின்றவன்

தோற்ற பக்கத்திலிருந்தும் ஒருவனைச் சொல்ல வேண்டும். இராசாதித்தனின் படைத்தலைவருள் ஒருவன் வெள்ளங்குமரன். மலைநாட்டுப் புத்தூரினன், அதாவது இன்றைய கேரளத்தவன். பெண்ணையாற்றங்கரையில் கிராமம் என்ற ஊரில் 943-இல் சிவன் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தவன் அவன். தக்கோலத்துக்குப் பின் அவன் பெயர் காணப்படவில்லை. ஆனால் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் கன்னரதேவன் காலத்துக் கல்வெட்டு ஒன்று சதுரானன பண்டிதர் என்ற துறவியைப் பற்றிக் கூறுகின்றது. அவர் கேரளத்தில் கற்றவர். இராசாதித்தனுக்கு உயிர்த் தோழராக விளங்கியவர். தலைவனோடு களத்தில் சாகாமல் போனோமே என்று நாணி, கங்கையாடித் திரும்பி, திருவொற்றியூரில் துறவு பூண்டார். வெள்ளங்குமரனே இத்துறவி என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். யாராயினும் ஆகுக. பகைவனின் ஆட்சியாண்டைக் குறித்தபடியே, தன் தோழனுக்காக வாடிய ஒரு மனத்தைக் கல்லில் பொறித்து வைத்தார்கள்.

இந்த நாணம் நமக்குப் புதியதன்று. வெண்ணிப் போரில் கரிகாலன் வேல் முதுகிலும் பாய்ந்துவிட்டதே என்று நாணி, வடக்கிருந்து உயிர் துறந்த சேரமானைப் பற்றி வெண்ணிக் குயத்தியார் பாடினார். வென்ற கரிகாலனின் முன்னிலையிலேயே, உன்னினும் அவன் நல்லவன் அல்லனோ என்ற கருத்தை வைத்துப் பாடினார். பகைவனின் பெருமையைச் சொல்ல அஞ்சாத அந்தப் பெருமாட்டியின் மரபே நம்முடைய மரபு. தன் கட்சியார் அனைவரும் உத்தமர், எதிர்க்கட்சியார் அனைவரும் கயவர் என்று எழுதும் கதை எவ்வளவு விறுவிறுப்பாயினும் அந்த மரபைச் சேர்ந்தது ஆகாது.

மேலும், மொழிக்கும் மொழிக்கும் நடந்த போராகத் தக்கோலத்தைக் காட்டுவது வரலாற்றுக்கும் பொருந்தாது. சோழன் பக்கம் மலைநாட்டான் படை நடத்தினான். இராசாதித்தனின் தந்தையான பராந்தகன் கங்கன் இரண்டாம் பிருதிவீபதிக்கு வாணாதிராசன் என்ற பட்டம் கொடுத்து நட்புப் பூண்டிருந்தான். எதிர்ப்பக்கத்திலும் கங்கன் ஒருவன் நின்றான். நிலத்துக்காகவும் திறைக்காகவும் அரசர்கள் பொருதனர். உழவர் எந்த மொழி பேசினாலும் அவர்களுடைய பயிர்தான் மிதிபட்டது.

எப்படிச் சொல்வது?

ஆகவே வரலாற்றுக் கதைகளை நம் பிள்ளைகளிடமிருந்து ஒளித்து வைக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. அவை இல்லாவிட்டால் இங்கே தமிழே ஒளிந்துவிடும். கல்கியையும் சாண்டில்யனையும் அகிலனையும் படிக்கட்டும். ஆனால் படித்த பிறகு, பெற்றோராகிய நாம் ஒன்று செய்யலாம். ‘இதில் கல் சொன்னது எது, கதாசிரியர் சொன்னது எது?’ என்று உடன் அமர்ந்து பேசலாம். கதையைக் குறைத்துப் பேசுவதாகாது அது. வந்தியத்தேவன் ஒரு வரியிலிருந்து பிறந்தான் என்று அறிந்த பின் கல்கியின்மீது எனக்கு மதிப்பு மிகுந்ததேயன்றிக் குறையவில்லை. பகைவனுக்கும் பெயரும் துயரமும் கொடுக்கின்றதா, பெயரில்லாத காலாளையும் நினைக்கின்றதா என்று கதையைக் கேட்கக் கற்றுக்கொடுத்தால் போதும்.

இனி, நான் செய்த திருத்தத்தைச் சொல்லி முடிக்கின்றேன். ஒரு ஞாயிறு மாலை கன்னட நண்பர் வீட்டுக்குச் சென்றேன். என் மகனையும் உடன் அழைத்துச் சென்றேன். நண்பரின் முன்னிலையிலேயே அந்தப் பையனிடம், “தம்பி, நான் சொன்னது தவறு. கல்லில் அப்படி எழுதியிருக்கவில்லை” என்றேன். கள்ளன், களன் என்ற இரண்டு சொற்களையும் ஒரு தாளில் எழுதிக் காட்டி விளக்கினேன். பிறகு இருவருக்கும் காளியின் கதையைச் சொன்னேன். என் மகன் தலைகுனிந்தபடி ஏதோ முணுமுணுத்தான். அது அவர்களுக்குள் போதுமானதாக இருந்தது போலும். அடுத்த நாள் மாலை மீண்டும் தக்கோலப் போர் நடந்தது. இராசாதித்தனாகவும் பூதுகனாகவும் இருக்க ஒருவரும் முன்வரவில்லை. காளியாக இருக்கத்தான் இருவரும் போட்டியிட்டனர்.

சங்கத்தின் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் நாம் போகும் உல்லாசப் பயணத்தை வருகின்ற ஆண்டு தொண்டமனாட்டுக்கும் தக்கோலத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் இரயில் பாதையை ஒட்டியவையே. நம் குடியிருப்பின் தெலுங்கு, கன்னடக் குடும்பங்களையும் உடன் அழைப்போம். கட்டுச்சோறு கட்டும் பொறுப்பைத் தாய்மார்கள் மீதே சுமத்தாமல் ஆடவரும் பகிர்ந்துகொள்வோம். பராந்தகன் தன் தந்தையின் நினைவாக வந்தவர்க்கெல்லாம் சோறிட ஏற்பாடு செய்த இடத்தில் நாமும் ஒருநாள் சேர்ந்து உண்போம்.